ஆடு மேய்ந்த ஈஸ்ட்ரோஜன்

1940களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி வளர்த்தவர்களுக்கு விநோதமான ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. மேய்ச்சலுக்குக் குறைவில்லை. சத்தில்லாத மண்ணுக்கு சூப்பர் பாஸ்பேட் போட்டு, மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த ஒரு குளோவர் செடியை விதைத்திருந்தார்கள். பூத்த பிறகு காயை மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும் அவரைக் குடும்பச் செடி அது. அதை மேய்ந்த ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. ஆனால் சினை பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் பல ஈன முடியாமல் தவித்தன, சில அடி தள்ளின. காயடித்த கிடாக்களுக்குக் காம்பு பெருத்துப் பால் சுரந்ததுதான் உச்சம். பொலிகிடாக்களிடம் குறை ஏதும் தென்படவில்லை.

பென்னட்ஸ், அண்டர்வுட், ஷையர் என்ற மூவர் 1946இல் இதைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவ இதழில் எழுதினார்கள். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல வேலைசெய்யும் ஏதோ ஒரு பொருள் அந்தச் செடியில் இருக்கிறது என்பது அவர்கள் சந்தேகம். அது சரியாகத்தான் இருந்தது. வேதியியலாளர்கள் பிறகு பிடித்த குற்றவாளியின் பெயர் ஃபார்மனோனெட்டின். வேடிக்கை என்னவென்றால், அது தன்னளவில் பரம சாது. ஆட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் டெய்ட்ஸீனாகவும் பிறகு ஈக்குவாலாகவும் மாற்றிவிடுகின்றன. வம்பு செய்தது இந்த ஈக்குவால்.

ஈக்குவால் அதற்கு முன்பே அறிமுகமான ஆள்தான். 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அதே சினைக் குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன்கள்தான் 1942 முதல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற மாத்திரையாகி, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்பட்டன. குதிரையின் உடல் தயாரித்தது ஒன்று. அது தின்ற தீவனத்திலிருந்து வந்தது மற்றொன்று. முதலாவது மருந்துத் தொழிலானது. இரண்டாவதை யாரும் நீண்ட காலம் சீண்டவில்லை.

இன்று அந்த இரண்டாவது வகையும் கடைக்கு வந்துவிட்டது. சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரை, ஆளி விதைப் பொடி, ரெட் குளோவர் கேப்ஸ்யூல் என்று பல பெயர்களில், "இயற்கையான ஈஸ்ட்ரோஜன்" என்ற அடைமொழியோடு, 45 வயதைத் தாண்டிய பெண்களைக் குறிவைத்து விற்கப்படுகிறது. ஆட்டைச் சினை பிடிக்கவிடாமல் செய்யும் வலிமை அதற்கு உண்டு என்றால் பெண்ணின் சூட்டைத் தணிக்கும் வலிமையும் இருக்கலாம் என்று எண்ணுவதில் தவறில்லை. ஆனால் எண்ணம் வேறு, சோதித்து அறிவது வேறு.

பெண் ஹார்மோனைப் போன்ற ஒன்று செடிக்கு எதற்கு? நமக்காக அல்ல என்பது மட்டும் உறுதி. அவரைக் குடும்பச் செடிகள் வேர்முடிச்சில் ஒரு வகை பாக்டீரியாவைக் குடிவைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கின்றன. சோயாவின் வேர் ஐசோஃப்ளேவோன் வகையைச் சேர்ந்த டெய்ட்ஸீனையும் ஜெனிஸ்டீனையும் மண்ணில் கசியவிடுவது அந்த பாக்டீரியாவை அழைப்பதற்காக. பூஞ்சைபோன்ற நோய்க்கிருமிகள் தாக்கும்போது அவற்றை எதிர்க்கும் நஞ்சைத் தயாரிக்கவும் டெய்ட்ஸீன் மூலப்பொருளாகிறது. அந்த மூலக்கூறின் இரு முனைகளிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு இடையிலான தூரம், மனித ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலில் உள்ள தூரத்துக்கு ஏறத்தாழச் சமம். அந்த ஒற்றுமையால்தான் நம் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜனுக்காகக் காத்திருக்கும் ஏற்பிகளில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்த ஏற்பி ஒன்றல்ல, இரண்டு. 1996 வரை ஒன்றுதான் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்தாஃப்சனின் குழு இரண்டாவதைக் கண்டுபிடித்தது. பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா என்றானது. மார்பகத்திலும் கருப்பையின் உட்சவ்விலும் உயிரணுக்களைப் பெருகச் செய்வதில் ஆல்ஃபாவுக்கே பெரும்பங்கு. ஜெனிஸ்டீன் பற்றுவதோ ஆல்ஃபாவைவிட பீட்டாவைப் பல மடங்கு இறுக்கமாக. பற்றிய பிறகும் அது எஸ்ட்ரடையால் அளவுக்கு வேலை வாங்குவதில்லை. பந்தியில் இலை முன் உட்கார்ந்துவிட்டுக் கொறித்துக்கொண்டிருக்கும் விருந்தாளி மாதிரி. கூட்டம் நெரியும்போது அவர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். ஆளில்லாத பந்தியில் அவராவது இருக்கிறாரே என்று தோன்றும். உடலில் ஈஸ்ட்ரோஜன் நிறைந்த வயதில் தாவர ஈஸ்ட்ரோஜன் தடையாகவும், அது வற்றிய வயதில் சிறு துணையாகவும் இருக்கக்கூடும் என்ற கருத்து இதிலிருந்து பிறந்ததுதான்.

மாதவிடாய் கடைசியாக வந்து 12 மாதம் கழிந்துவிட்டால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில். இந்தியாவில் பல ஆய்வுகளில் 46, 47. இந்த நான்கைந்து ஆண்டு வித்தியாசம் சிறியதல்ல. எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரோஜனின் துணையை அத்தனை ஆண்டு முன்னதாகவே இழக்கின்றன.

அந்தக் கட்டத்தில் வரும் தொல்லைகளில் பெயர்பெற்றது ஹாட் ஃபிளஷ். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடத்தில் அடங்கி, பின் குளிர் எடுக்கும். இது தோலிலோ ரத்தத்திலோ தொடங்குவதில்லை, மூளையில் தொடங்குகிறது. ஹைப்போதாலமஸில் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது கட்டுக்குள் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் விலகியதும் அந்த அணுக்கள் பருத்துப்போகின்றன என்பதை, இறந்த பெண்களின் மூளைத் திசுக்களை ஒப்பிட்டுப் பார்த்து 1990களின் தொடக்கத்தில் நயோமி ரான்ஸ் என்ற ஆய்வாளர் காட்டினார். பருத்த அணுக்கள் நியூரோகைனின் பி என்ற சமிக்ஞையைத் தாறுமாறாக அனுப்ப, உடலின் வெப்பக் கட்டுப்பாட்டு மையம் இல்லாத சூட்டைத் தணிக்க ரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது. "வயசானா அப்படித்தான் இருக்கும், மனசைத் திடப்படுத்திக்கோ" என்று ஒரு தலைமுறைப் பெண்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலின் கதி இது. மனசுக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம் மிகக் குறைவு.

சோயா இந்தக் கதைக்குள் நுழைந்தது ஜப்பான் வழியாக. மார்கரெட் லாக் என்ற மானிடவியலாளர் 1980களில் ஜப்பானியப் பெண்களிடம் விசாரித்தபோது, ஹாட் ஃபிளஷ் இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 10 பேரில் ஒருவர்தான். வட அமெரிக்காவில் அது மூன்றில் ஒருவர். 1992இல் ஃபின்லாந்தின் ஹெர்மன் ஆட்லர்க்ரொய்ட்ஸும் சக ஆய்வாளர்களும் லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பாரம்பரிய உணவு உண்ணும் ஜப்பானியப் பெண்களின் சிறுநீரில் ஐசோஃப்ளேவோன்கள் அமெரிக்க, ஃபின்லாந்துப் பெண்களிடம் இருப்பதைவிட 100 முதல் 1,000 மடங்கு அதிகம். டோஃபு, மிசோ, நாட்டோ என்று நாள்தோறும் சோயாதான். ஆகவே சோயாவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். "இருக்கலாம்" என்பதைப் பத்திரிகைகள் விரைவில் கைவிட்டன.

பத்து ஆண்டு கழித்து, 2002 ஜூலையில், இன்னொரு செய்தி சோயாவுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. 16,608 பெண்களிடம் ஹார்மோன் மாத்திரையைச் சோதித்துவந்த அமெரிக்க அரசின் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மெனோபாஸ் வந்த புதிதில் தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு, பயன் அதிகம் என்று பிற்பாடு தெளிவானது. ஆனால் பயம் தெளிவுக்காகக் காத்திருக்கவில்லை. லட்சக்கணக்கானோர் மாத்திரையை விட்டார்கள். ஹார்மோன் வேண்டாம், "இயற்கையானது" கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு சோயா கிடைத்தது.

ஜப்பானிய வாதத்தில் ஓட்டை இருந்தது. அந்தப் பெண்கள் மற்ற பெண்களிடமிருந்து சோயாவில் மட்டுமா வேறுபட்டார்கள்? உடல் எடை, நடை, மீன், தொல்லையை வெளியே சொல்லும் வழக்கம் எல்லாம் வேறு. அமெரிக்காவில் ஐந்து இனப் பிரிவுகளைச் சேர்ந்த 3,302 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்விலும் ஜப்பானிய, சீன வம்சாவளியினருக்கு இந்தத் தொல்லை குறைவாகத்தான் இருந்தது. அவர்கள் சாப்பிட்ட ஐசோஃப்ளேவோனுக்கும் அதற்கும் நிலையான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. (தொல்லை தொடங்கினால் சராசரியாக 7 ஆண்டுக்கு மேல் நீடிக்கும் என்பதையும் இந்த ஆய்வுதான் சொன்னது.)

ஆக, மாத்திரையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு முட்டுக்கட்டை. ஹாட் ஃபிளஷுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைக் கொடுத்தாலும் பல பெண்களுக்குத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. சில சோதனைகளில் பாதிக்கும் மேல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எண்ணிக் குறிக்கத் தொடங்கியதும் தொல்லையைப் பார்க்கும் விதம் மாறுகிறது, காலப்போக்கில் தானாகவும் குறைகிறது, நம்பிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. வெற்று மாத்திரையோடு ஒப்பிடாத எந்தச் சோதனையும் இந்த விஷயத்தில் வெறும் விளம்பரம் என்பேன். ஆளி விதை நல்ல உதாரணம். 2007இல் மேயோ கிளினிக் சிறு சோதனை ஒன்றில் ஆளி விதை கொடுத்தபோது ஹாட் ஃபிளஷ் பாதியாகக் குறைந்தது, எங்கும் செய்தியானது. அதே ஆட்கள் நேர்மையாக 188 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆளி விதைக் கட்டியும் மற்றதற்கு அதுபோன்ற வெறும் கட்டியும் ஆறு வாரம் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொல்லை பாதியானது. வித்தியாசம் இல்லை. இந்த இரண்டாவது செய்தி உங்கள் வாட்ஸப்புக்கு வந்திருக்காது.

சோயா இதைவிடக் கொஞ்சம் மேல். 2012இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெற்று மாத்திரையோடு ஒப்பிட ஐசோஃப்ளேவோன் ஹாட் ஃபிளஷின் எண்ணிக்கையை ஏறத்தாழ 20 சதவீதம் குறைத்தது; கடுமையை 26 சதவீதம். ஜெனிஸ்டீன் அதிகமுள்ள மாத்திரைகள் மேலும் நன்றாக வேலை செய்தன. 2016இல் வந்த மற்றொரு தொகுப்பு, நாளொன்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் குறைகிறது, பிறப்புறுப்பு வறட்சிக்கும் கொஞ்சம் பயன், இரவு வியர்வைக்குப் பயனில்லை என்றது. ஹார்மோன் மாத்திரையோ எண்ணிக்கையை 75 சதவீதம் குறைக்கும். எலும்புக்கு நல்லது என்ற கூற்று இன்னும் மோசமாக அடிவாங்கியது. மயாமியில் 248 பெண்களுக்கு இரண்டு ஆண்டு, நாளுக்கு 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. எலும்புத் தேய்மானம் குறையவில்லை. சோயா சாப்பிட்ட பிரிவில் ஹாட் ஃபிளஷ் இருப்பதாகச் சொன்னவர்கள்தான் அதிகம். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளைத் தரம் பிரித்தபோது, சோயா உணவு, சோயா மாத்திரை, ஈக்குவால் மூன்றையும் பரிந்துரைக்க இயலாதவை வரிசையில் வைத்தது.

அப்படியானால் சோயா சாப்பிட்டுத் தெளிந்தேன் என்று சொல்லும் பெண்கள் எல்லாரும் கற்பனை செய்கிறார்களா? அவசரப்பட வேண்டாம். ஆட்டின் வயிற்றுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் கென்னத் செட்சல் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் மனிதச் சிறுநீரிலும் ஈக்குவாலைக் கண்டார்கள். சோயா சாப்பிட்ட எல்லாரிடமும் அல்ல, சிலரிடம் மட்டும். டெய்ட்ஸீனை ஈக்குவாலாக்கும் பாக்டீரியா யாருடைய குடலில் இருக்கிறதோ அவர்களிடம்தான் அது தோன்றும். மேலை நாட்டவரில் 25 முதல் 30 சதவீதத்தினர் அப்படிப்பட்டவர்கள். ஜப்பான், கொரியா, சீனாவில் ஏறத்தாழ பாதிப் பேர். ஒரே டோஃபுவை ஒரே மேசையில் சாப்பிட்ட அக்கா தங்கை இருவரில் ஒருத்தியின் உடலில் ஈக்குவால் ஓடலாம்; மற்றவள் உடலில் டெய்ட்ஸீன் அப்படியே வெளியேறலாம். ஈக்குவால் தயாரிக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றுக்கு 2008இல் ஆட்லர்க்ரொய்ட்ஸின் பெயரையே சூட்டினார்கள். லான்செட் கட்டுரை எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான கௌரவம் கிடைத்திருக்காது. ஜப்பானில் ஒரு நிறுவனம் பாக்டீரியாவைக் கொண்டு சோயாவை நொதிக்கவைத்து ஈக்குவாலையே மாத்திரையாக விற்கிறது.

பழைய சோதனைகள் பெரும்பாலும் இந்த இரு வகைப் பெண்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தவை. இருவருக்கும் ஒரே பலனை எதிர்பார்த்தது தவறு. மயாமிப் பெண்களின் முடிவும் ஜப்பானியப் பெண்களின் முடிவும் முட்டிக்கொள்வதில் ஒரு பங்கு இதனால் இருக்கலாம். சோயாவின் வேர் பாக்டீரியாவை அழைக்கத் தயாரித்த பொருள், நம் குடலில் இன்னொரு பாக்டீரியா கைவைத்தால்தான் முழுப்பலம் பெறுகிறது. இடையில் நாம் வெறும் வழி.

நம் சமையலறைக்கு வருவோம். ஐசோஃப்ளேவோன் பருப்பு வகை எல்லாவற்றிலும் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அளவைச் சொல்வதில்லை. துவரை, உளுந்து, பாசிப்பயறில் இருப்பது சோயாவோடு ஒப்பிட்டால் கணக்கில் சேர்க்க முடியாத அளவு. பெரியவளான பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதில் புரதமும் எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் அக்கறையும் இருக்கின்றன; ஹார்மோன் இல்லை. எள்ளில் லிக்னன் என்ற வேறு வகைத் தாவர ஈஸ்ட்ரோஜன் உண்டு, நல்லெண்ணெயிலும் உண்டு. அதையும் குடல் பாக்டீரியாதான் மாற்றியமைக்க வேண்டும். எள்ளுருண்டை சாப்பிட நல்லது என்பதற்கு மேல் எதையும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

வெந்தயம் தனிக்கதை. அதில் டயோஸ்ஜெனின் இருக்கிறது. அதுவே உடலில் ஹார்மோனாகிறது என்பார்கள். ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940களில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனின் எடுத்து, படிப்படியாக மாற்றி புரொஜெஸ்ட்ரோன் தயாரித்தார். மெக்சிகோ நகரில் 1944இல் தொடங்கிய சின்டெக்ஸ் நிறுவனம் அந்த வித்தையில்தான் நின்றது. அதையெல்லாம் ஆய்வுக்கூடத்துக் குடுவையில் செய்தார். நம் உடலில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி கிடையாது.

மிச்சம் இருப்பது சோயா. மீல் மேக்கர், இலங்கையில் சோயா மீட் என்று நாம் வாங்குவது, எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் சோயா மாவில் செய்தது. காய்ந்த நிலையில் 100 கிராமில் 150 மில்லிகிராம் அளவுக்கு ஐசோஃப்ளேவோன் இருக்கும். கொதிநீரில் போட்டுப் பிழிந்து ஊற்றும்போது ஒரு பங்கு போய்விடும். 100 கிராம் டோஃபுவிலோ ஒரு தம்ளர் சோயா பாலிலோ 20 முதல் 30 மில்லிகிராம். ஜப்பானியரின் அன்றாட அளவு 25 முதல் 50. ஆக, வாரத்தில் சில நாள் மீல் மேக்கர் குருமா வைக்கும் வீடு அந்த எல்லையை அவ்வப்போது தொட்டுவிடும். சோயா எண்ணெயில் ஒன்றும் இல்லை. எல்லாம் பிண்ணாக்கில் தங்கி, இந்தியாவில் பெரும்பாலும் கோழித் தீவனமாகிவிடுகிறது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் சோயாவைத் தொடக்கூடாது என்ற பயம் பலரிடம் இருக்கிறது, சில மருத்துவர்களிடமும். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஐசோஃப்ளேவோன் மாத்திரைகளை ஆராய்ந்து, மெனோபாஸ் கட்டத்துப் பெண்களுக்கு மார்பகம், கருப்பை, தைராய்டு மூன்றிலும் கேடு விளைவதற்குச் சான்று இல்லை என்றது. ஆனால் இத்தாலியில் நாளுக்கு 150 மில்லிகிராம் வீதம் ஐந்து ஆண்டு மாத்திரை சாப்பிட்ட பெண்களில் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானோருக்குக் கருப்பை உட்சவ்வு தடித்திருந்தது 2004இல் பதிவாகியிருக்கிறது. உணவாகச் சாப்பிடுவதும் செறிவூட்டிய மாத்திரையாக ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் ஒன்றல்ல. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோயா பாலைச் சில மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்; குடலில் அது மாத்திரையை முழுதாக உறிஞ்ச விடாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஐசோஃப்ளேவோன் மாத்திரையைத் தாங்களாக வாங்கக்கூடாது.

என் தீர்ப்பு இது. சோயா நல்ல பருப்பு. புரதத்துக்காகச் சாப்பிடுங்கள், ஹாட் ஃபிளஷ் கொஞ்சம் தணிந்தால் லாபம். ஒரு மூன்று மாதம் உணவில் சேர்த்துப் பார்த்தும் மாற்றமில்லை என்றால் உங்கள் குடலில் அந்த பாக்டீரியா இல்லாமல் இருக்கலாம். விலையுயர்ந்த டப்பாவுக்குத் தாவ வேண்டாம். தூக்கம் கெடுமளவுக்குத் தொல்லை இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா, ஹார்மோன் இல்லாத மருந்து போதுமா என்று அவர் பார்த்துச் சொல்வார். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சோயா சாப்பிட்டதால் திரும்ப வந்துவிட்டது" என்று யார் சொன்னாலும் நம்பாமல், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ 10இல் 9 பேருக்கு அப்படி ரத்தம் பட்டிருந்தது.